மலைவழியும் மடுக்கரையும்

இரணைமடுச் சந்தியிலே தெற்கு நோக்கி நிற்பவனுக்கு மலை தெரியாது. கண்ணெட்டும் தூரமெல்லாம் சமநிலம். வயலும் பாலைமரமும் வானமுமே காட்சி. ஆயினும் அவன் நிற்கின்ற அந்தத் தார்வீதி மலையிலேதான் பிறக்கின்றது. ஏ-9 என வழங்கும் இப்பெருவீதி கண்டியிலே தொடங்கி, ஏறத்தாழ 321 கிலோமீற்றர் ஓடி, யாழ்ப்பாணத்தில் முடிவது. போர் ஓய்ந்து வீதி திறந்த நாள் முதலாகச் சித்திரை விடுமுறையிலும் ஆவணி விடுமுறையிலும் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வான்களும் பேருந்துகளும் மலைநாட்டை நோக்கி விரைகின்றன. இரவிற் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, விடியற்காலையில் மாத்தளையைத் தாண்டி, ஒரே பகற்பொழுதிற் கணவாய்களை ஏறியிறங்கி, மறுநாட் காலை வீடு சேர்வது இங்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்த ஒருநாட் பயணத்தை நாம் குறைகூற வரவில்லை. வெயிலிலே காய்ந்தவன் குளிரையும் அருவியையும் தேடிப் போவது இயல்பே. ஆனால் வண்டியின் கண்ணாடியூடே நாம் கண்டு மகிழும் அந்த வழியை வெட்டியவர் யார், அவ்வழியே முதன்முதல் நடந்தவர் யார், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எங்கே வாழ்கின்றார்கள் என்ற கேள்விகளை ஆராயப் புகுந்தால், விடை தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அவர்களிற் பல்லாயிரவர் இரணைமடுக் குளத்தைச் சூழ்ந்த குடியிருப்புக்களிலேயே வாழ்கின்றனர்.

மலையை அழகுக்காகப் பார்க்கச் செல்வது பழைய உலகத்தில் அரிதாகவே இருந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு மலைவழி கூறும் நூல். அருவியையும் தினைப்புனத்தையும் வாயூறப் பாடுகின்ற அதே புலவர், எங்கே பாறை வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும், எங்கே புனங்காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும் என்றெல்லாம் எச்சரித்துக்கொண்டே செல்கிறார். மோரியர் தம் தேருருளை தடையின்றிச் செல்லும்பொருட்டு மலையைக் குடைந்து வழி செய்த செய்தியையும் சங்கச் செய்யுள்கள் குறிக்கின்றன. மலையை வெட்டி வழி செய்பவன் நாட்டைப் பிடிக்க வருபவன் என்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

கண்டி இராச்சியத்தின் வரலாறும் இதனையே காட்டும். கடலோரம் முழுவதும் போர்த்துக்கேயர் கைப்பட்ட பின்னரும், ஒல்லாந்தர் கைப்பட்ட பின்னரும், அச்சிறு மலையரசு இரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்து நின்றது. அதற்குக் காடும் காய்ச்சலும் கணவாயும் காவல் செய்தன. கணவாய் வாயில்களிலே முட்கதவு அமைத்துக் காவலர் நின்றதை, 1660 முதல் 1679 வரை கண்டியரசனிடம் சிறைப்பட்டிருந்த இறொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் விரித்து எழுதியிருக்கிறார். 1594இல் தந்துறையிலும், 1602ஆம் ஆண்டையொட்டிப் பலனைக் கணவாய்ப் பக்கத்திலும், 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் தோற்றன. 1803இல் ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்து நிறுத்திய படையும் அழிந்தொழிந்தது. அதே 1803இலேதான் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலே ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான் என்பதை நம்மவர் மறந்துவிடலாகாது. மலையும் வன்னிக்காடும் ஒரே ஆண்டில் ஒரே பகைவனை எதிர்த்து நின்ற காட்சி அது.

1815இல் கண்டி வீழ்ந்தது கணவாய் உடைந்ததனால் அன்று. பிரதானிகளின் உட்பகை வாயிலைத் திறந்துவிட்டது. ஆனால் 1817-18இல் ஊவாவிலே மூண்ட கிளர்ச்சி ஆங்கிலேயருக்கு ஒரு பாடம் புகட்டிற்று. வீதியில்லாத மலைநாட்டை வென்றாலும் ஆள முடியாது என்பதே அப்பாடம். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்திலே, 1820ஐ அடுத்து, கொழும்பிலிருந்து கண்டிக்குக் கடுகண்ணாவை வழியாகப் பெருவீதி வெட்டப்பட்டது. பீரங்கி வண்டி ஏறுவதற்கு ஏற்ற வீதி அது. மலையைத் துளைத்து வரும் அந்நியனுக்கே கண்டி அடிபணியும் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. கடுகண்ணாவையிலே துளைக்கப்பட்ட பாறையைக் காட்டி வழிகாட்டிகள் அக்கதையை இன்றும் சொல்கின்றனர். கதையை நாம் நம்பவேண்டியதில்லை. இராச்சியம் வீழ்ந்த பின்னரே பாறை துளைக்கப்பட்டது.

அவ்விடத்திலே உயர்ந்த கோபுரமொன்று நிற்கிறது. வீதியமைத்த பொறியியற் படையதிகாரி கப்டன் டோசன் 1829இல் இறந்தபோது அவர் நினைவாக எடுக்கப்பட்டது. அவரின் கீழ்ப் பணிசெய்த தோமஸ் ஸ்கின்னர் என்பவர் பதினாறு வயதளவில் இவ்வேலையிலே இறக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக் காலம் இலங்கையெங்கும் வீதி வெட்டுவித்தார். அவரது தன்வரலாறு 1891இல் நூலாக வெளிவந்தது. திறமை மிக்கவர்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் கோபுரத்திலும் நூலிலும் இடம்பெறாத வேறு மனிதர் இருந்தனர். அவர்களுள் முதல்வர் கண்டிச் சிங்கள விவசாயிகள். இராசகாரியம் என்ற பழைய ஊழியக் கடமையைத் தன் கைக்கு வசதியாக எடுத்துக்கொண்ட வெள்ளையரசு, வயலில் நிற்கவேண்டியவனைப் பாறையிலே நிறுத்தியது. மன்னன் வாங்கிய ஊழியத்துக்கு ஈடாக நிலம் இருந்தது. அந்நியன் வாங்கிய ஊழியத்துக்கு ஈடாகக் காய்ச்சலே கிடைத்தது.

இராசகாரியம் 1832இலே ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848இல் வீதிக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 18 முதல் 55 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலைசெய்ய வேண்டும், இன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது அச்சட்டம். அவ்வாண்டு மாத்தளையிலே மூண்ட கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். கிளர்ச்சித் தலைவருள் ஒருவனான புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். இன்று நாம் மாத்தளையிலே தேநீர் குடித்துவிட்டுப் பலகடுவைக் கணவாயில் ஏறும்போது, வீதியின் பெயரால் இரத்தம் சிந்தப்பட்ட மண்ணின் மீதே ஏறுகின்றோம். சிங்கள உழவனுக்கும் தமிழ்க் கூலிக்கும் இம்மலைவீதி பொதுவான ஒரு வரலாறு என்பதை இருசாராரின் பாடநூல்களும் இன்னும் போதிய அளவு சொல்லவில்லை என்பது நமது கருத்து.

கோப்பித் தோட்டங்கள் 1820களிலே தொடங்கி 1840களிற் பெருகின. கோப்பிக்கு ஆள் வேண்டும், கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல வீதி வேண்டும், அவ்வீதிக்கும் ஆள் வேண்டும். திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக்கொடுமையாலும் துரத்தப்பட்டவர்கள் கங்காணியின் முற்பணத்தை வாங்கிக்கொண்டு கடல் கடந்தனர். அரசாங்கம் ‘பயனியர்’ என்ற பெயரிலே திரட்டிய வீதிப்படையிலும் தென்னிந்தியத் தமிழர் சேர்க்கப்பட்டனர். புசல்லாவைக்கு மேலே, இறம்பொடைக்கு மேலே, ஆடு ஏறவும் தயங்கும் சரிவுகளிலே வெடிமருந்து வைத்துப் பாறை பிளந்து, கூடையிலே மண்சுமந்து, கருங்கல் அடுக்கி அணைசுவர் எழுப்பிய கைகளில் அவர்களுடையவும் உண்டு.

மலைக்கு அவர்கள் எவ்வழியாக வந்தனர்? வன்னி வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய இடம் இது. இராமேசுவரக் கரையிலிருந்து தோணியேறித் தலைமன்னார், மன்னார் பக்கங்களில் இறங்கியோர் அங்கிருந்து கால்நடையாக மதவாச்சிக்கும், தம்புள்ளைக்கும், மாத்தளைக்கும் சென்றனர். மன்னார்–மதவாச்சி வழி நமது செட்டிகுளம் பிரதேசத்தை ஊடறுத்துச் செல்வது. ஆகவே மலையகத் தமிழன் இம்மண்ணில் முதன்முதல் மிதித்த பெருநிலம் மலையன்று, வன்னிக்காடு. அக்காட்டிலே நீரில்லை, இருந்த நீரில் நோய் இருந்தது. வாந்திபேதியாலும் பெரியம்மையாலும் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தோர் ஆயிரமாயிரவர். எத்துணை ஆயிரம் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருந்தொகையினர் மாண்டனர் என்பதில் வேறுபாடில்லை. நடக்கமாட்டாதவனை மரத்தடியிலே விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சொல் இங்கே நினைவுக்கு வரும். பழந்தமிழில் ‘இறத்தல்’ என்றால் கடத்தல். சுரம் இறந்தான் என்றால் பாலைவழியைக் கடந்தான் என்பது பொருள். பிற்காலத்தில் அதே சொல் சாவைக் குறிப்பதாயிற்று. பழைய பொருள் நம் வடக்கிலே ஆனையிறவு என்ற ஊர்ப்பெயரில் மட்டும் அழியாமல் இருக்கிறது. ஆனைகள் கடக்கும் துறை. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களைப் பற்றி எழுதும்போது அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே பொருந்திவிடுகின்றன.

இனி, அந்த ஒருநாட் பயணத்துக்கு வருவோம். கண்டியிலிருந்து பேராதனை, கம்பளை, புசல்லாவை வழியாக இறம்பொடைக் கணவாயில் ஏறி நுவரெலியாவை அடைவது. பின் நானுஓயா, தலவாக்கலை, அட்டன் வழியாகச் சென்று கினிகத்தேனையிலே இறங்கி, நாவலப்பிட்டியூடாகத் திரும்பக் கம்பளைக்கு வருவது. நம்மவர் பெரும்பாலும் செல்லும் சுற்று இதுவே. கண்டி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர். அந்த ஏற்றம் முழுவதையும் வீதி வளைந்து வளைந்து வெல்கிறது. ஒரு வளைவிற் பார்த்த அருவி அடுத்த வளைவிலே காலடியிற் கிடக்கும். லபுக்கலைக்கு மேலே முகில் வீதியிலேயே இறங்கி நடக்கும். காட்சியில் மயங்காதவன் கல்நெஞ்சன்.

எனினும் வண்டியை நிறுத்தி வளைவிலே இறங்கிப் பாருங்கள். வீதியைத் தாங்கி நிற்கும் கற்சுவரிற் பழைய பகுதிகளும் புதிய பகுதிகளும் உண்டு. பழைய பகுதிகளிலே ஒவ்வொரு கல்லும் மற்றக் கல்லின் முகத்துக்கு ஏற்பச் செதுக்கப்பட்டிருக்கும். ‘அருமையான காட்சி’ என்று நாம் படம்பிடிக்கும் அந்தப் பச்சைக் கம்பளமும் இயற்கை விரித்ததன்று. அங்கே நின்ற பெருங்காடு கோப்பிக்காக வெட்டப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளிலே கோப்பியைத் தின்றுவிட, 1867இலே ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரையிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று, துரை மாறினான், லயம் மாறவில்லை.

இரும்புப்பாதையும் இவ்வரலாற்றின் ஒரு கிளையே. புகையிரதம் 1867இற் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இற் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை அடைய 1924 ஆயிற்று. தேயிலைப் பெட்டியை இறக்குவதற்காக மலையைக் குடைந்த அப்பாதையிலே இன்று உலகத்தின் பல நாட்டார் கதவோரம் நின்று கைகாட்டிப் படமெடுக்கின்றனர்.

தலவாக்கலைக்கும் அட்டனுக்கும் இடையிலே சென்கிளயர், டெவன் என்ற இரு நீர்வீழ்ச்சிகளைக் காண எல்லா வண்டிகளும் நிற்கும். டெவன் என்பது அருவியின் பெயர் மட்டுமன்று, தோட்டத்தின் பெயருமாகும். 1977 மே 11ஆம் நாள் அத்தோட்டத்திலே சிவனு லெட்சுமணன் என்ற இளந்தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானான். நுவரெலியாப் பகுதியில் 7,000 ஏக்கர் தேயிலைக் காணியை அரசு பிரித்தெடுக்க முற்பட்டபோது, அதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளருள் அவனும் ஒருவன். அதற்கு முன் 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் சுடப்பட்டது கூலிக்காகவும் சங்க உரிமைக்காகவும். லெட்சுமணன் இறந்தது தான் உழைத்த நிலம் கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக. ஆனால் அந்த நிலத்தில் ஒரு பிடி மண்கூட அவன் பெயரில் இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை என்பதற்கு விடை 1948இலே உள்ளது. சுதந்திரம் வந்த அதே ஆண்டிற் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்வதற்கு. அந்த மீதியையும் 1974இலே சரிபாதியாகப் பிரித்தார்கள். பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அக்குடியுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்ட தமிழ்த் தலைவர்களுள் ஒரு சாரார் 1948இல் ஆதரித்தனர் என்ற உண்மையை வடக்கிலே வாழும் நாம் மூடி மறைத்தல் தகாது.

1973-74இலே தோட்டங்களிற் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1972இலும் 1975இலும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த மாற்றத்தினிடையே வேலையிழந்து துரத்தப்பட்டோர் பலர். 1958இலும், 1977 ஆவணியிலும், 1983 ஆடியிலும் இனவெறித் தீ மூண்டது. ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் மலையிலிருந்து வடக்கு நோக்கி இறங்கிற்று. பாட்டன் ஏறிய கணவாயில் பேரன் இறங்கினான். பலகடுவை, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி எனப் பெயர்கள் எதிர் வரிசையில் வந்தன. இம்முறை மதவாச்சியிலே மேற்கே மன்னாருக்குத் திரும்பாமல் நேர் வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தனர்.

அவர்கள் வந்து சேர்ந்த இடத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இரணை என்பது இரட்டை. மடு என்பது ஆழ்நீர்நிலை. கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் நிறைவேறியது. பின்னரும் பலமுறை அணை உயர்த்தப்பட்டது. 1936ஐ ஒட்டி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெருக்கத்தைக் குறைக்கும் நோக்குடன் கிளிநொச்சிக் குடியேற்றம் ஆரம்பமாயிற்று. காட்டை வெட்டிக் களனியாக்கிய அந்த முதற் குடியேறிகளின் உழைப்பும் பெரிதே. வாய்க்கால் நீர் பாயும் வயல்களுக்கு அவர்கள் உரியவராயினர். நாற்பதாண்டு கழித்து மலையிலிருந்து வந்தவர்க்குக் கிடைத்தது வாய்க்காலுக்கு எட்டாத மேட்டுநிலக் காடு. மலையாளபுரம், பாரதிபுரம், தொண்டமான் நகர், ஜெயபுரம் முதலிய குடியிருப்புக்களில் இவ்வாறு வந்து குடில் போட்டோர் மிகப் பலர். பகலிலே அவர்கள் பிறர் வயலில் நாற்று நட்டார்கள், அருவி வெட்டினார்கள். மலையிலே அருவி என்றால் விழுநீர். இங்கே அருவி வெட்டு என்றால் நெல்லறுப்பு. சொல் ஒன்றாயினும் இரண்டிடத்திலும் கூலி நாட்கூலியே.

வவுனியாப் பகுதியில் இம்மக்களைக் குடியமர்த்த முன்வந்த காந்தீயம் இயக்கத்தை எஸ். ஏ. டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம் ஆகியோர் நடத்தினர். இராஜசுந்தரம் 1983 ஆடியிலே வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். டொலர் பண்ணை, கென்ற் பண்ணை ஆகியவற்றிற் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இலே அங்கிருந்து விரட்டப்பட்டன. அவ்விடத்திற் சிங்களச் சிறைக்கைதிகளும் அவர்தம் குடும்பத்தினரும் கொண்டுவந்து வைக்கப்பட்டனர். அவ்வாண்டு கார்த்திகை இறுதியில் அவர்கள் ஆயுதமேந்திய தமிழரால் படுகொலை செய்யப்பட்டனர். ஏழையை எடுத்து ஏழைமேல் எறியும் அரசியலின் கொடுமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி அரச படைகளின் வசமாயிற்று. அதற்கு முன்னரே ஊர்கள் கிழக்கே பெயர்ந்திருந்தன. மலையிலிருந்து வந்தவரும் குடாநாட்டிலிருந்து வந்தவரும் வன்னிப் பழங்குடிகளும் ஒரே பதுங்குகுழியிற் கிடந்தனர், ஒன்றாகவே இறந்தனர். எஞ்சியோர் இலட்சக்கணக்கிற் கொண்டுசென்று அடைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம் எங்கே இருந்தது? செட்டிகுளத்தில். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த கூலிகள் தாகத்தோடு கடந்துசென்ற அதே பிரதேசத்தில், அவர்களுடைய வழித்தோன்றல்கள் முட்கம்பிக்குள் நின்று தண்ணீருக்கு வரிசைபிடித்தனர். 2012 புரட்டாதியிலேதான் அம்முகாம் முற்றாக மூடப்பட்டது.

2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறாண்டு நிறைந்ததையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமொன்று நிகழ்ந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ற் 12இல் முடிந்த அந்நடையில் சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் இடையிடையே கலந்துகொண்டனர். நமது உயர்வகுப்பு மாணவருட் சிலருக்கு அச்செய்தியைப் படித்துக் காட்டினோம். பாட்டியின் ஊர் எது என்று கேட்டபோது, இறம்பொடை என்றும் புசல்லாவை என்றும் தோட்டப் பெயரையும் பிரிவையும் சேர்த்துச் சொன்ன பிள்ளைகள் பலர் இருந்தனர். அவர்களுள் அந்த மலையை ஒருமுறையேனும் கண்டிருந்தவர் இருவரே.

2025 நவம்பர் இறுதியிலே வீசிய டித்வா புயல் அம்மலைச் சரிவுகளைப் பல இடங்களில் உடைத்தெறிந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்து வீதிகள் அறுந்தன, மனிதர் புதைந்தனர். 2014 ஒக்ரோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது கேட்ட குரல் மீண்டும் கேட்டது: பாதுகாப்பான நிலம் வேண்டும். மலையிலே வீடமைப்புத் திட்டங்கள் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் என்று கணக்கிடுகின்றன. இரணைமடுவின் கீழே நிலத்தை ஏக்கரிற் கணக்கிடுகிறோம். சரிவில் வாழ்வோரை வன்னிக்கு அழைக்கலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்வோர் நம்மிடையே உண்டு. அழைப்பதற்கு முன், ஐம்பதாண்டாக இங்கேயே இருப்பவர்களின் காணிப்பத்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர்கள் ஒருமுறை விசாரித்தல் நன்று.

ஒவ்வோராண்டும் மாரி ஓய்ந்து குளத்தின் நீர்மட்டம் கணக்கிடப்பட்ட பின்னர், சிறுபோகக் கூட்டம் கூடுகிறது. இவ்வாண்டு எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் நீர், யாருக்கு எவ்வளவு பங்கு என்பன அங்கே தீர்மானிக்கப்படும். வயற்காணி உரித்துடையோரே அக்கூட்டத்தில் எழுந்து பேசுவர். அணைக்கட்டின் மேற்கிலும் தெற்கிலும் மேட்டுநிலத்திற் குடியிருப்போர் அன்று வழக்கம்போல வேலைக்குப் போயிருப்பார்கள்.